ஃபில்லர் ஊசி, கூடவே போடாக்ஸ், லேசர், பீல்: எதை எதற்குப் பின் செய்வது?

நான் தோல் மருத்துவர். ஃபில்லர் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் பலர் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள்: கன்னத்துக்கு ஃபில்லர், நெற்றிக்குப் போடாக்ஸ், மங்குக்கு லேசர், ஒரு பீல் (தோலின் மேலடுக்கை அமிலம் தடவி உரித்தெடுப்பது). முடிந்தால் எல்லாம் ஒரே நாளில், மதியச் சாப்பாட்டுக்குள். பட்டியலில் தப்பில்லை, அவசரத்தில்தான் தப்பு. பள்ளத்தை நிரப்புவது ஒரு வேலை, தசையை ஓயவைப்பது இன்னொரு வேலை, தோலின் மேற்பரப்பைச் சீராக்குவது மூன்றாவது வேலை. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்டால் காசும் போகும், முகமும் கெடும். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் பேச்சிலேயே கீழே வைத்திருக்கிறேன்.

ஃபில்லர் என்று உள்ளே என்னதான் போடுகிறீர்கள்?

பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம். பெயரில் அமிலம் இருந்தாலும் எரிக்கும் சமாச்சாரம் இல்லை. தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஒரு வழுவழுப்பான ஜெல். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணுக்குள்ளும் இயல்பாகவே இருக்கிறது. 1934இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் இதை முதலில் பிரித்தெடுத்தது மாட்டின் கண்ணில் இருந்துதான். இயற்கையான ஹயலூரானிக் அமிலத்தை அப்படியே ஊசியில் ஏற்றினால் உடம்பு சில நாளில் கரைத்துவிடும். அதனால் அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்குகிறார்கள். அப்படிப் பிணைத்த ஜெல்தான் மாதக்கணக்கில் நிற்கிறது. ரெஸ்டிலேன் என்ற ஃபில்லருக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. (அங்கே மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு) அனுமதி கொடுத்தது 2003இல்; ஜூவடெர்முக்கு 2006இல்.

ஒரு சிரிஞ்சில் இருப்பது 1 மில்லி. வீட்டில் மருந்து ஊற்றும் டீஸ்பூன் 5 மில்லி. அதில் ஐந்தில் ஒரு பங்கு. 'ஒரு சிரிஞ்ச் போட்டால் முகம் ஊதிவிடுமா' என்று பயப்படுகிறவர்களிடம் நான் ஒரு ஸ்பூனில் அந்த அளவு தண்ணீரை ஊற்றிக் காட்டுவது வழக்கம். பயம் அங்கேயே தெளிந்துவிடும். சில பேருக்கு ஏமாற்றமாகவும் இருக்கும்.

இது தவிர இரண்டு வகை உண்டு. ரேடியஸ் என்பது கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் துகள்கள். எலும்பிலும் பல்லிலும் உள்ள தாதுவின் சாயல். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் என்பதால் பல் மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது. ஸ்கல்ப்ட்ரா என்பது பாலி லாக்டிக் அமிலம். அது நிரப்புவதைவிடத் தோலைத் தூண்டிக் கொலாஜனை (தோலுக்கு உறுதி தரும் புரதம்) வளர்க்கவைக்கிறது. எச்.ஐ.வி. நோயாளிகளின் கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒடுங்கிப்போவதைச் சரிசெய்யத்தான் 2004இல் அமெரிக்காவில் அதற்கு முதலில் அனுமதி கிடைத்தது. அழகுக்கு வந்தது பிறகுதான்.

நாங்கள் சைவம். இது மிருகத்தில் இருந்து எடுப்பதா?

இந்தக் கேள்வியை வெட்கப்பட்டுக்கொண்டே கேட்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஃபில்லர் மாட்டுக் கொலாஜன். ஒவ்வாமை வருமா என்று கையில் சோதனை ஊசி போட்டுப் பார்த்துத்தான் முகத்துக்குப் போவார்கள். அப்புறம் சேவல் கொண்டையில் இருந்து எடுத்த ஹயலூரானிக் அமிலம்கூட வந்தது. இப்போது பரவலாகப் போடுவது பாக்டீரியாவைப் புளிக்கவைத்துத் தயாரிப்பது. இட்லி மாவு புளிப்பதும் பாக்டீரியாவால்தான். ஆனால் ஃபில்லரைக் கரைக்கும் மருந்து பல தயாரிப்புகளில் ஆட்டில் இருந்தோ மாட்டில் இருந்தோ வருவது. அவசரம் என்று வந்தால் அதைப் போட்டே ஆக வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போடாக்ஸும் ஃபில்லரும் ஒன்றுதானே?

இல்லை. போடாக்ஸ் எதையும் நிரப்பாது; தசைக்குப் போகும் நரம்புச் செய்தியைத் தடுக்கிறது. கனடாவில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமைத் துடிப்புக்கு இதைப் போட்டுவந்தபோது புருவ நடுவே இருந்த கோடுகள் மறைவதைக் கவனித்தார். அவர் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992இல் கட்டுரை எழுதினார்கள்; புருவ நடுக் கோட்டுக்கு 2002இல் எஃப்.டி.ஏ. அனுமதி வந்தது.

முகத்தைச் சுளித்தால் மட்டும் வரும் கோட்டுக்குப் போடாக்ஸ். சும்மா இருக்கும்போதும் பள்ளமாகத் தெரிந்தால் ஃபில்லரைப் பற்றி யோசிக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் தேவைப்பட்டால் முதலில் போடாக்ஸ். மூன்று நான்கு நாளில் வேலை செய்யத் தொடங்கும், முழுப் பலனும் இரண்டு வாரத்தில் தெரியும். அதற்குப் பிறகும் பள்ளம் மிச்சம் இருந்தால்தான் ஃபில்லர். சில பேருக்கு மிச்சமே இருக்காது, ஒரு சிரிஞ்ச் காசு லாபம்.

வேறு வேறு இடங்களில், ஒரே நாளில் இரண்டையும் போடலாம். அப்போது ஃபில்லர் முதலில், போடாக்ஸ் கடைசியில். ஃபில்லர் போட்ட இடத்தைக் கையால் அழுத்திச் சமப்படுத்துவோம். போடாக்ஸ் போட்ட பிறகு அப்படித் தேய்த்தால் மருந்து பக்கத்துத் தசைக்கு நகர்ந்து இமை தொங்கிப்போகக்கூடும்.

பருவால் கன்னமெல்லாம் பள்ளம். ஃபில்லர் போட்டு நிரப்பிவிடலாமா?

இதில்தான் பல சிகிச்சைகளைச் சேர்த்துச் செய்வதன் அருமை தெரியும்.

இலவம்பஞ்சு மெத்தையைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சு ஒதுங்காமல் இருக்க ஆங்காங்கே நூல் கோத்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். கட்டிய இடமெல்லாம் குழி விழுந்திருக்கும். அந்தக் குழி மேலே வர வேண்டும் என்று பஞ்சைத் திணித்தால் என்ன ஆகும்? குழியைச் சுற்றி உப்பும், குழி இன்னும் ஆழமாகத் தெரியும். நூலை அறுக்க வேண்டும். பருத் தழும்பில் அகலமாக, அலை அலையாக இருக்கும் பள்ளங்கள் இப்படித்தான். அடியில் நார்கள் தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தோலுக்கு அடியில் ஓர் ஊசியைப் படுக்கைவாக்கில் செலுத்தி அந்த நார்களை அறுப்பதற்குச் சப்சிஷன் என்று பெயர். அறுக்கும்போது 'நறுக் நறுக்' என்று ஒரு சத்தம் வரும். நோயாளிக்கும் கேட்கும். வலியில்லை என்றாலும் அந்தச் சத்தத்துக்கு முகம் சுளிக்காதவர்கள் குறைவு. அறுத்த இடம் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் ஃபில்லரை அங்கே வைக்கலாம். அந்த இடத்தில் அது உண்மையிலேயே உதவும்.

ஊசி குத்தினாற்போல் ஒடுங்கி ஆழமாகப் போகும் குழிக்கு இது எதுவும் ஆகாது. அதற்குள் குச்சி முனையால் அடர்த்தியான டி.சி.ஏ. அமிலத்தைத் தொட்டுவைத்து, அடியில் இருந்து தோலை வளரவிட வேண்டும். விளிம்பு கூராக இருக்கும் பெட்டி போன்ற தழும்புக்கு மைக்ரோநீட்லிங் (நுண் ஊசிகளால் தோலில் துளையிடுவது), ஃப்ராக்‌ஷனல் லேசர் (தோலில் புள்ளி புள்ளியாக மட்டும் படும் லேசர்). ஒரே கன்னத்தில் மூன்று வகையும் கலந்து கிடக்கும். அதனால் 'ஒரு சிட்டிங்கில் முடியும்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு மாதம், எட்டு மாதம் ஆகும் வேலை. முழுதாக மறையாது, பாதிக்கு மேல் குறைந்தால் நல்ல பலன் என்றுதான் நான் சொல்லி ஆரம்பிப்பேன்.

முக்கியமான ஒன்று: புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போது தழும்பில் கை வைக்கக் கூடாது. பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லியாக வேண்டும். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் எதுவும் செய்யக் கூடாது என்ற பழைய விதி, மேலோட்டமான பீல் போன்றவற்றுக்கு இப்போது தளர்ந்திருக்கிறது. தோலைச் சீவி எடுக்கும் ஆழமான சிகிச்சைக்கு இன்னும் தளரவில்லை.

கண்ணுக்குக் கீழே கருவளையம். ஃபில்லர் போட்டால் போகுமா?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். மேலே டியூப்லைட் எரிய, கண்ணாடி முன் நில்லுங்கள். கருவளையம் தெரியும். இப்போது கைபேசி டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். கருமை மறைந்தால் அது பள்ளத்தின் நிழல், ஃபில்லர் உதவலாம். மறையாமல் அப்படியே இருந்தால் அது நிறமி. நம் ஊர்த் தோலில் இதுதான் அதிகம், குடும்பத்தோடு வரும். அதற்கு ஃபில்லர் போடுவது வீண். கிரீம், மென்மையான பீல், சன்ஸ்கிரீன்தான் வழி. தோலை லேசாக இழுத்தால் நீலம் கூடினால், உள்ளே இருக்கும் ரத்த நாளம் தெரிகிறது என்று பொருள்.

அங்கே தோல் மிக மெல்லியது. ஜெல் மேலாக நின்றுவிட்டால் ஒளி சிதறி நீலச் சாயல் அடிக்கும், கருத்த தோலில் சாம்பலாகத் தெரியும். தண்ணீரை இழுப்பதால் காலையில் கண் வீங்கவும் செய்யும். ஏற்கெனவே கண்ணுக்குக் கீழே பை போல வீங்கும் ஆள் என்றால் நான் போடுவதில்லை.

கன்னத்தில் போட்ட ஃபில்லர் லேசர் சூட்டில் உருகிவிடாதா?

மில்லிமீட்டர் கணக்கில் பார்த்தால் பயம் பாதி போய்விடும். முகத்தோலின் தடிமன் சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர். மங்கு, கரும்புள்ளிக்கு அடிக்கும் லேசரும் மேலோட்டமான பீலும் அதற்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும். கன்ன எலும்பின் மேல் வைக்கும் ஃபில்லர் வெகு கீழே இருக்கிறது. ஒருவர் மாடியில், ஒருவர் தரைத்தளத்தில், சண்டைக்கு வழியில்லை.

சண்டை வருவது ஆழமாகப் போகிறவற்றோடுதான். ரேடியோ அலைவரிசை மைக்ரோநீட்லிங்கில் ஊசிகள் 3 மில்லிமீட்டரைத் தாண்டும். ஹைஃபு என்று சொல்லும் அல்ட்ராசவுண்ட் இறுக்கச் சிகிச்சை 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழங்களைக் குறிவைத்துச் சூட்டைக் குவிக்கிறது. இவை ஃபில்லர் இருக்கும் தளத்துக்கே இறங்கக்கூடும். ஆகவே இவற்றை முதலில் முடித்து, வீக்கம் வடிந்து, ஒரு மாதம் கழித்து ஃபில்லர் போடுவது என் வழக்கம். ஏற்கெனவே ஃபில்லர் இருந்தால் எங்கே, எப்போது, என்ன போட்டது என்று சொல்லுங்கள். அந்த இடத்தை விட்டுவிடுவோம், அல்லது ஆழத்தைக் குறைப்போம்.

ஒரே நாளில் செய்தே ஆக வேண்டிய நிலை என்றால் லேசர் முதலில், ஊசி பிறகு. ஊசித் துளைகள் திறந்திருக்கும் முகத்தின் மேல் கருவியை உருட்டினால் கிருமி உள்ளே போகும். ஆனால் லேசரிலேயே முகம் கொஞ்சம் வீங்கிவிடும், பள்ளம் எவ்வளவு என்று கணிக்க முடியாது. வீக்கம் வடிந்த பிறகு பார்த்தால் ஒரு பக்கம் குறைவாக இருக்கும். அதனால்தான் நான் வேறு நாளுக்குத் தள்ளுகிறேன். ஃபில்லர் போட்ட பிறகு பீல், மசாஜோடு கூடிய ஃபேஷியல் எல்லாவற்றுக்கும் இரண்டு வாரம் பொறுங்கள்.

தை மாதம் கல்யாணம். இப்போது ஐப்பசி. என்னென்ன செய்துகொள்ளலாம்?

மூன்று மாதம் இருக்கிறது, பரவாயில்லை. மார்கழிக் கடைசியில் வந்து கேட்கிறவர்களை நினைத்தால் நீங்கள் தேவலை.

தோலைத் தொடும் வேலைகளை இப்போதே தொடங்கிவிடுங்கள். மங்கோ பருக் கறையோ இருந்தால் இரண்டு மூன்று வார இடைவெளியில் மென்மையான பீல். நம் தோல் சூடு பட்டால் கருக்கும் தோல். லேசரோ பீலோ சற்றுக் கூடிவிட்டால் போன கறையைவிட வந்த கறை பெரிதாக இருக்கும். அது மங்கவே மாதங்கள் ஆகும். அதனால் முகூர்த்தத்துக்கு ஆறு வாரத்துக்குள் புதிதாக எந்த லேசரும் வேண்டாம்.

ஃபில்லர் தேவை என்றால் ஆறு வாரம் முன்னால். ரத்தக்கட்டு வந்தால் ஒன்றிரண்டு வாரம் ஆகும், கரடுமுரடு இருந்தால் திருத்தவும் நேரம் இருக்கும். போடாக்ஸ் என்றால் ஒரு மாதம் முன்னால். கடைசி இரண்டு வாரம் சன்ஸ்கிரீன், மாய்ச்சரைசர், தூக்கம்.

அப்புறம் நலங்கு. அத்தை, சித்தி, பெரியம்மா என்று வரிசையாக வந்து சந்தனமும் மஞ்சளும் எண்ணெயும் கன்னத்தில் அழுத்தித் தேய்ப்பார்கள். நல்ல மனசோடுதான் தேய்ப்பார்கள். ஃபில்லர் போட்டு ஒரு வாரம்கூட ஆகாத கன்னத்துக்கு அது ஆகாது. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் போட்டுக்கொண்டவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பியூட்டி பார்லர் கல்யாணப் பேக்கேஜில் ப்ளீச்சும் ஸ்க்ரப்பும் இருக்கும். பீல் செய்த தோலில் ப்ளீச் போட்டால் எரிந்து கருத்துவிடும். பார்லர் அக்காவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஃபில்லர் போட்டால் கலர் வருமா?

வராது. வெளுப்பதற்கென்று குளுக்கோஸ் பாட்டிலில் குளுட்டதயோன் ஏற்றுகிறார்களே, அதையும் சேர்த்துக் கேட்பார்கள். தோலை வெளுக்கவைக்க எந்த ஊசி மருந்துக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுக்கவில்லை. நான் போடுவதில்லை.

மூக்கைக் கத்தி இல்லாமல் நேராக்கலாம் என்கிறார்கள். கண் போய்விடும் என்றும் சொல்கிறார்கள். எது நிஜம்?

இரண்டுமே நிஜம். மூக்கின் மேட்டை மறைத்து நேராகக் காட்ட ஃபில்லரால் முடியும். ஆனால் மூக்கு, புருவ நடு, நெற்றி, மூக்கோரம் வாய் வரை இறங்கும் சிரிப்புக் கோடு, இவை முகத்திலேயே ஆபத்தான இடங்கள். இங்கே ஓடும் தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு தொடர்புள்ளவை. ஜெல் தவறிப்போய்த் தமனிக்குள் இறங்கி, ஊசியின் அழுத்தத்தில் ரத்த ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளப்பட்டால், அழுத்தம் விட்டதும் ஓட்டத்தோடு கண்ணுக்குள் போய் அடைக்கலாம். விழித்திரை ரத்தமில்லாமல் தாங்குவது சுமார் ஒன்றரை மணி நேரம். அரிதுதான். ஆனால் வந்தால் பார்வை திரும்புவது அதைவிட அரிது. ஏற்கெனவே அறுவை செய்த மூக்கில் ரத்த நாளங்கள் இடம் மாறியிருக்கும், ஆபத்து இன்னும் கூடும். நான் மூக்கில் ஃபில்லர் போடுவதில்லை. தைரியமாகப் போடும் நல்ல கைகள் இருக்கிறார்கள். என் கை அதற்கு வராது.

கண்ணுக்குப் போகாமல் தோலுக்குப் போகும் நாளம் அடைபட்டால் முதலில் அந்த இடம் வெளிறும். பிறகு வலை பின்னியது போல் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக மாறும். வலிக்கும், ஆனால் ஃபில்லரிலேயே மரத்துப்போகும் மருந்து கலந்திருப்பதால் சில மணி நேரம் வலி தெரியாமலும் போகலாம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், கருத்த தோலில் வெளிறுவது சட்டென்று தெரியாது. விரலால் ஐந்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். இரண்டு மூன்று விநாடியில் பழைய நிறம் வர வேண்டும். மறுபக்கக் கன்னத்திலும் அதேபோல் அழுத்தி ஒப்பிடுங்கள். நேரம் பிடித்தால் அது ரத்தக்கட்டு என்று ஐஸ் வைத்துக்கொண்டு உட்காராமல், ராத்திரி எத்தனை மணி ஆனாலும் போட்டவரை அழையுங்கள். பார்வை மங்கினால் நேராகக் கண் மருத்துவமனை. அந்த ராத்திரி எண்ணை ஊசி போடும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாமா?

ஹயலூரானிக் அமிலம் என்றால் முடியும். ஹயலூரானிடேஸ் என்ற மருந்தை அங்கே போட்டால் ஓரிரு நாளில் பெரும்பகுதி கரைந்துவிடும். கண்புரை அறுவையில் மரத்துப்போகும் ஊசியோடு சேர்த்துப் போடும் பழைய மருந்துதான், விலையும் அதிகமில்லை. அது கைவசம் இல்லாத கிளினிக்கில் ஃபில்லர் போட்டுக்கொள்ளாதீர்கள். குப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கோபித்துக்கொண்டால் அதுவே பதில். தேனீ, குளவி கொட்டி உடம்பு முழுக்கத் தடித்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள், இந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ரேடியஸையும் ஸ்கல்ப்ட்ராவையும் இது கரைக்காது. முதல் தடவை போடுகிறவர்களுக்கு நான் கரைக்கக்கூடியதை மட்டுமே போடுவதற்கு இதுதான் காரணம்.

உதட்டில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம், கன்னத்தில் ஒன்றரை, இரண்டு வருடம் என்று சொல்வது வெளியே தெரியும் பலனைத்தான். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் அதற்கு வெகு காலம் பிறகும் ஜெல் உள்ளே இருப்பது சிலருக்குத் தெரிந்திருக்கிறது. 'ஆறு மாதம் ஆச்சு, டச்சப் போடுங்கள்' என்று வந்தால் உடனே ஊசியை எடுக்காமல் பழைய போட்டோவை எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

யாரிடம் போட்டுக்கொள்வது? பார்லரில் பேனா மாதிரி ஒன்றால் ஊசியில்லாமல் போடுகிறார்களே?

அந்தப் பேனா அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சுவது. எவ்வளவு ஆழம் போகும் என்று அடிப்பவருக்கே தெரியாது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. ஒருமுறை உதட்டில் கட்டி கட்டியாக ஒரு பெண் வந்தார். எங்கோ ஒரு அழகு நிலையத்தில் போட்டது. என்ன மருந்து என்று கேட்டால் 'இம்போர்ட்டட்' என்று மட்டும் சொல்லத் தெரிந்தது. எதைப் போட்டார்கள் என்று தெரியாமல் எதைக் கொண்டு கரைப்பது?

பதிவு பெற்ற மருத்துவர்தான் போட வேண்டும். தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ இதில் பயிற்சி உள்ளவராக இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே பேட்ச் எண்ணோடு ஒட்டும் சீட்டு இருக்கும். ஒன்று அவர்கள் ஃபைலில், ஒன்று உங்கள் கையில். வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் அந்தச் சீட்டு பேசும்.

என்னென்ன முன்கூட்டியே சொல்ல வேண்டும்?

கர்ப்பம், பாலூட்டுவது: இரண்டிலும் தள்ளிப்போடுங்கள். ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ எல்லாம் ரத்தக்கட்டைக் கூட்டும். ஆனால் இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை அழகுக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருமென்றால் முன்னதாகவே மாத்திரை கொடுப்போம், ஊசியும் லேசரும் அதைக் கிளப்பிவிடும். பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை இருந்தால் முன்னும் பின்னும் இரண்டு வாரம் இடைவெளி. தடுப்பூசிக்கும் அப்படியே: 2020 டிசம்பரில் மாடர்னா கோவிட் தடுப்பூசிச் சோதனையில் ஃபில்லர் போட்டிருந்த சிலருக்கு முகம் வீங்கியது பதிவாகியிருக்கிறது, மருந்து கொடுத்ததும் சரியானது. வயது? எஃப்.டி.ஏ. அனுமதி 22 வயது நிறைந்தவர்களுக்குத்தான். காலேஜ் முதல் வருடப் பிள்ளைகளை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

அழகுக்காக என்றால் கிடைக்காது. சாதாரண மருத்துவச் சேவைக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்கு இல்லை, பில்லில் வரி சேரும். சொன்ன விலை வரியோடா, வரி தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரை சிரிஞ்ச்தான் போட்டார்கள். மீதியை என் பேர் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த மாதம் போடுகிறேன் என்கிறார்கள். சரியா?

சரியில்லை. காசு கொடுத்தது நீங்கள், மனசு கேட்காதுதான். ஆனால் உங்கள் தோலுக்குள் போய் வந்த ஊசி அந்த சிரிஞ்சோடுதான் இருந்தது. வேறு ஊசி மாற்றினாலும் உள்ளே நுழைந்த கிருமி ஜெல்லுக்குள்ளேயே இருக்கும். ஃப்ரிட்ஜ் அதைக் கொல்லாது. ஒரு முறை பயன்படுத்தத்தான் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். மீதி இருந்தால் அன்றைக்கே, அந்த உட்காரலிலேயே, தேவையுள்ள வேறு இடம் இருந்தால் அங்கே போட்டுக்கொள்ளுங்கள். தேவையில்லை என்றால் உங்கள் கண் முன்னால் குப்பையில் போடச் சொல்லுங்கள்.